நல்லதை முதலில் சொல்கிறவர்

“பாதி விளையாடிப்போட்டு அபிப்பிராயம் எழுதுறவன், பள்ளிக்குள்ள போகாமலே குத்பா பிரசங்கம் எப்பிடி இருந்திச்சு எண்டு சொல்றவன் மாதிரி.”

ராத்தா இதைச் சொல்லும்போது கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கணினித் திரையில் யாரோ ஊர்பேர் தெரியாத ஒருவனை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. கல்முனையில் எங்கள் ஒழுங்கைத் தெருவுக்குள் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் ராத்தாதான், மூத்த அக்கா மாதிரி. என் மகள் நுஹா மட்டும் மாமி என்பாள். தனியார் டிஸ்பென்சரி ஒன்றில் வெகுகாலம் மருந்து கொடுத்தவர். கணவர் மௌத்தாகிப் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. முழங்கால் வருத்தத்தில் வேலையை விட்டு வீட்டில் இருந்தபோது, டோஹாவிலிருந்து வந்த தம்பி தன் பழைய மடிக்கணினியை விட்டுவிட்டுப் போனார். அதில் ஒரு விளையாட்டு இருந்தது.

எங்கோ தூர நாட்டின் பழைய புராணக் கதை அது. மலைக்கு மேலே இருக்கிற ஒரு கடவுள் கோபத்தில் மின்னலை வீசுவார். பாலங்கள் உடையும், வீடுகள் சரியும். கீழே புஜம் பருத்த ஒரு வீரனும் சின்னச்சின்ன வேலையாட்களும் மரம் வெட்டி, கல் சுமந்து, பழம் பறித்து, உடைந்ததையெல்லாம் திருப்பிக் கட்டவேண்டும். திரையின் மேலே நேரம் ஒரு பட்டையாகத் தேய்ந்துகொண்டே வரும். அது தீருமுன் முடித்தால் தங்க நட்சத்திரம். இவ்வளவுதான் விளையாட்டு. விளையாடியவர்கள் உலகமெல்லாம் இருந்து தங்கள் அபிப்பிராயங்களை ஒரு தளத்தில் எழுதிவைப்பார்கள். ராத்தாவுக்கு விளையாட்டைவிட அந்த அபிப்பிராயங்களில்தான் மோகம். நான் படிப்பிக்கிற பாடசாலை விட்டு வந்து, மதிய லுஹர் தொழுதுவிட்டு அவர் வீட்டுப் பக்கம் போனால், ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் எனக்குச் சொல்லிக் காட்டுவார்.

“இஞ்ச பாருகா, ஒருத்தி ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிரிக்கா. ஏன் தெரியுமா? அவட மெசின்ல இது திறக்கல்லையாம். அப்ப இது விளையாட்டுக்குப் போட்டதா, மெசினுக்குப் போட்டதா?”

“ஆத்திரத்தில போட்டிருப்பா, ராத்தா.”

“மற்றவனப் பாரு. மிச்சம் லேசாம், ஒரு பின்னேரத்தில முடிச்சிட்டானாம், ஏமாத்திப்போட்டாங்களாம். கோப்பைய வழிச்சுத் திண்டுபோட்டு உப்புக் காணா எண்டுறான்.”

ஒரு நாள் ஒன்றை அவர் இரண்டு தரம் வாசித்தார். எங்கோ ஒரு பெண், கணவர் படுக்கையில். அவர் பக்கத்தில் இருந்தபடியே, நேரப்பட்டை இல்லாத முறையை வைத்து விளையாடுவாளாம். மருந்து நேரத்துக்கு எழும்பிப் போய் வந்தாலும் வேலையாட்கள் அப்படியே காத்து நிற்கிறார்கள், அதற்கு நன்றி என்று எழுதியிருந்தாள்.

“இவதான் சரியா எழுதியிரிக்கா,” என்றார் ராத்தா. “தனக்கு என்ன நடந்திச்சோ அத மட்டும் சொல்லியிரிக்கா.”

அவரும் எழுதுவார். கடைசிக் கட்டம் முடியாமல் ஒரு வரி எழுதமாட்டார். எழுதினால் ஒரே ஒழுங்குதான்: நல்லது முதலில், நல்லதல்லாதது பிறகு, இது யாருக்குச் சரி, யாருக்குச் சரிவராது என்பது கடைசியில். பள்ளியில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கின் முதல் சத்தம் கேட்டதும் விளையாட்டை நிறுத்திவிடுவார். ஓங்கிய கோடரியோடு ஒரு வேலையாள் அப்படியே நிற்பான். “நில்லு வாப்பா, வாறன்,” என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் கைகால் கழுவி வுழூ எடுக்கப் போவார்.

எதிர்வீட்டு மாமி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, “என்னகா இது, ஆரோட சாமியெல்லாம் உன்ட வீட்டுக்குள்ள?” என்று கேட்டார்.

“இப்ப ஆரும் கும்பிடாத சாமி, மாமி. இந்த மனிசன் கோவத்தில பாலத்த உடைப்பார், பாவம் இந்தப் பொடியன்மார் அதக் கட்டுவாங்க. இவரப் பாத்தா எனக்கு எங்கட பழைய டிஸ்பென்சரி முதலாளிதான் ஞாபகம் வாறார்.”

எதிர்வீட்டு மாமி சிரித்ததில் வெற்றிலைச் சாறு சேலையில் விழுந்தது.

இந்தப் பழக்கம் விளையாட்டோடு நிற்கவில்லை. முனைக்கடையில் புதிதாகப் புரியாணி போடத் தொடங்கியவர் ஆசையாக ஒரு பார்சல் அனுப்பினார். ராத்தா முழுவதையும் சாப்பிட்டுவிட்டு அவருக்குக் குரல் செய்தி அனுப்பினார்: சோறு உதிரியாக இருந்தது, இறைச்சி பதமாக அவிந்திருந்தது, அச்சாறில் சீனி கூட, எண்ணெய் பார்சலைத் தாண்டி வந்துவிட்டது, கலியாணச் சாப்பாட்டுக்கு ஆசைப்படுகிறவருக்குச் சரி, இதய வருத்தக்காரருக்கு வேண்டாம். கடைக்காரர் கொஞ்ச நாள் ராத்தாவைக் கண்டால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனார். நுஹாவுக்குக் கணக்குப் பாடத்துக்கு எந்த டியூஷன் நல்லது என்று நான் கேட்டபோது, “நான் அவங்களிட்டப் படிக்கல்லையே கா, எனக்குத் தெரியா,” என்றார். தெரியாது என்று சொல்வதில் அவருக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லத்தான் வராது.

நுஹாவுக்கு முதல் வலிப்பு வந்தது அவர் வீட்டில்தான். பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற வருடம். மாமியின் பக்கத்தில் இருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடவுள் மின்னல் வீசுகிற கட்டம், திரை வெட்டிவெட்டி வெளிச்சம் அடிக்க, இவள் கதிரையோடு சரிந்தாள். சத்தம் கேட்டு நான் ஓடிப் போனபோது, ராத்தா கதிரைகளைத் தள்ளி, பிள்ளையை ஒரு பக்கமாகச் சரித்து, தன் முந்தானையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்திருந்தார். இரும்பு பிடித்தால் நிற்கும் என்று நான் பூட்டுத் திறப்புக் கோர்வையை அவள் கைக்குள் திணித்தேன்.

“திறப்ப எடுகா, கையக் கிழிக்கும். பக்கத்தில இரி. பேரச் சொல்லிக் கூப்பிடு. அது போதும்.”

மட்டக்களப்பில் டொக்டர் தினமும் விழுங்கக் குளிசை எழுதித் தந்தார். மின்னல்தான் காரணமா என்று கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எனக்கு உறுதியாக இருந்தது. ராத்தாவின் வாசலில் நின்று அந்த விளையாட்டைக் கரித்துக் கொட்டினேன்.  பிறகு பார்த்தால், ராத்தா முன்பு எழுதியிருந்த அபிப்பிராயத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: மின்னல் காட்சியில் திரை கடுமையாக வெட்டுகிறது, வலிப்பு உள்ளவர்கள் கவனம்.

“இத ஆரு வாசிக்கப்போறா?” என்றேன்.

“எங்கயாவது ஒரு உம்மா வாசிப்பா.”

ஊருக்கு நாங்கள் மயக்கம் என்று சொன்னோம். குளிசைப் போத்தல் அலுமாரிக்குள் துணிக்குப் பின்னால் போனது. நோன்பு பிடிக்கவேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் ஒரு நோன்பு மாதத்தில் என் தங்கையின் பிள்ளைகள் வந்து தங்கியிருந்தபோது, நீ ஏன் சாப்பிடுகிறாய் என்று அவர்கள் கேட்பார்களே என்று நுஹா யாருக்கும் சொல்லாமல் நோன்பும் பிடித்தாள், குளிசையையும் விட்டாள். நோன்பு திறக்கக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த நேரம் குசினி நிலத்தில் விழுந்தாள். பாங்கு சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மகளுக்குப் பெற்றோர் வீடு கட்டிக்கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்துதான் குடியிருப்பார். நுஹா படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு மேலேயே அவளுக்கு மாடி எழும்பியது. மாடி எழும்பினால் கலியாணக் கதை வரும். பொத்துவில் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை பொருந்தி வந்தது. நல்ல குடும்பம், நல்ல வேலை. மாப்பிள்ளையின் உம்மா அக்கம்பக்கத்தில் விசாரிக்க வரப்போகிறார் என்று தரகர் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஒழுங்கையில் உண்மை தெரிந்த ஒரே ஆள் ராத்தா. நுஹாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

“ராத்தா, அவங்க வந்து கேட்டா ஒண்டும் சொல்லிராதீங்க.”

“ஒண்டும் எண்டா? நல்லதும் சொல்லவேணாமா?”

“நல்லதச் சொல்லுங்க. அதோட நிப்பாட்டுங்க.”

“அது அபிப்பிராயமில்ல புள்ள, விளம்பரம்.”

“இது உங்கட விளையாட்டில்ல ராத்தா! என்ட புள்ளட வாழ்க்கை!”

“அதுக்குத்தான் சொல்றன். மாப்பிள்ள இந்த வீட்டுக்கு வந்துதானே இரிக்கப்போறான்? நோன்பு வரும். அவன் நோன்போட இரிக்கக்குள்ள இவ பகல்ல எங்க போய்ச் சாப்பிடுவா? எந்த அலுமாரிக்குள்ள குளிசைய வைப்பா? ஒளிக்க ஏலாட்டி விட்டிருவா. ஒருக்கா விட்டவதானே? மறந்திட்டியா?”

நான் மறக்கவில்லை. 

அவர் என்னை விட்டுவிட்டு நுஹாவைப் பார்த்தார். “இது உன்ட கதை, மகள். நீ வேணாமெண்டு சொல்லு, நான் வாயத் திறக்கமாட்டன். அவங்கள உள்ளுக்கும் எடுக்கமாட்டன். ஆனா கதைச்சா முழுசாத்தான் கதைப்பன்.”

நுஹா என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவள் அந்தப் பக்கம் திரும்பி, “சொல்லுங்க மாமி,” என்றாள். “முழுசாச் சொல்லுங்க.”

ராத்தாவின் குசினிக்கும் எங்கள் குசினிக்கும் ஒரே சுவர். மேலே காற்றுக்கு ஓட்டை விட்டிருக்கும். அந்த உம்மா வந்த நாளில் நானும் நுஹாவும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றோம். விசாரிக்க வருகிறவர்கள் நேரே கேட்பதில்லை, வேறு ஏதாவது சாட்டு வைத்துத்தான் வருவார்கள்.

“இந்த ஒழுங்கையில தைக்கிற ஆள் ஆரும் இரிக்காங்களா?” என்றது புதுக் குரல்.

“தைக்கிறவ மற்ற ஒழுங்கையில. நீங்க புள்ளயப் பத்திக் கேக்கத்தானே வந்தீங்க? இரிங்க, தேத்தண்ணி ஊத்துறன்.”

கோப்பைச் சத்தம். பிறகு ராத்தா தொடங்கினார்.

“நல்லத முதல்ல சொல்றன். இவ பொய் சொன்னா காது சிவந்திரும், அதால பொய் சொல்றதே குறைவு. சின்னப் புள்ளையளோட கதைக்கக்குள்ள குந்தி இரிந்துதான் கதைப்பா, மேல நிண்டு கதைக்கமாட்டா. கோவம் வந்தா கதவ அடிப்பா. மறுகா அதே கதவ மெல்லத் திறந்துகொண்டு வந்து சோறு கேப்பா. நான் காய்ச்சல்ல கிடக்கக்குள்ள கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தா. கஞ்சி வாயில வைக்க ஏலா. ஆனா கொண்டு வந்தவ அவ ஒருத்திதான்.”

அந்த உம்மா சிரித்தார். 

“இனி மற்றது. காலையில லேசில எழும்பமாட்டா. கணக்கு வராது, கடையில மிச்சக் காச எண்ணாம வாங்கிற்று வருவா. வலிப்பு இரிக்கி. குளிசை எடுக்கிறா. முதல் வந்தது இந்த வீட்டில, என்ட கண்ணுக்கு முன்னால. பொறகு வந்தது ஒரு நோன்பில, குளிசைய விட்டதால. குளிசை ஒழுங்கா எடுத்த நாளில நான் காணல்ல. காணாதத எனக்குச் சொல்லத் தெரியா, டொக்டரிட்டத்தான் கேக்கவேணும்.”

 தேத்தண்ணிக் கோப்பை தட்டில் வைக்கப்படுகிற ஓசை வந்தது.

“இவ ஆருக்குச் சரி எண்டா, சிரிப்பும் சத்தமும் பிடிக்கிற வீட்டுக்கு. ஆருக்குச் சரிவராது எண்டா, வருத்தத்த ஒளிச்சுவை எண்டு சொல்ற வீட்டுக்கு.”

வலிப்பை அவர் காலையில் எழும்பாததோடும் கணக்கு வராததோடும் ஒரே வரிசையில் வைத்துச் சொன்னதை நான் பிறகுதான் யோசித்தேன். அந்த நேரத்தில் எனக்குக் காது அடைத்திருந்தது. திரும்பிப் பார்த்தால் நுஹா அழுதுகொண்டிருந்தாள். நான் அவளை அணைத்து, பரவாயில்லை மகள், வேறு இடம் பார்ப்போம் என்றேன். அவள் என் கையை விலக்கி, “இல்ல உம்மா. நான் குந்தி இரிந்து கதைக்கிறத மாமி பாத்திரிக்கா,” என்றாள்.

கொஞ்ச நாளில் தரகர் வந்தார். அந்தப் பக்கம் அல்லாஹ்விடம் வழி கேட்டு இஸ்திகாரா தொழுது பார்த்தார்களாம், மனதுக்கு வரவில்லையாம். எங்கள் ஊரில் வேண்டாம் என்பதை யாரும் நோகாமல் சொல்கிற விதம் அது. நான் செருப்புக்கூடப் போடாமல் ராத்தா வீட்டுக்குப் போனேன்.

“சந்தோசமா ராத்தா? உங்கட அபிப்பிராயத்தால என்ட புள்ளட கலியாணம் போயிற்று.”

ராத்தா விளையாட்டை நிறுத்தாமல் அப்படியே கணினியை மூடினார். “ஓம், என்னாலதான்,” என்றார்.  நான் திரும்பி வாசலைத் தாண்டும்போதுதான், “அவங்க ஓம் எண்டு சொல்லுவாங்க எண்டு நினைச்சன் புள்ள. தேத்தண்ணிய முழுக்கக் குடிச்சிற்றுத்தானே போனாங்க,” என்றார். அவருடைய குரல் உடைந்து கேட்டது எனக்கு அந்த ஒரு தடவைதான்.

நான் அவரோடு கதைக்காமல் இருந்தேன். நுஹா மட்டும் ஒவ்வொரு பின்னேரமும் போய் வந்தாள். மாமி நேரப்பட்டை இல்லாத முறைக்கு மாறிவிட்டார் என்றும், மின்னல் கட்டம் வந்தால் தன்னை எழும்பிப் போய்ப் பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார் என்றும் வந்து சொல்வாள். போன வருடம் ராத்தாவுக்குச் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் வைத்தபோதுதான் நான் மறுபடி அவர் முகம் பார்த்தேன். மெலிந்து, கண்ணாடி மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

“தாதிப் புள்ளையள் நல்லம்,” என்றார் நான் கேட்காமலே. “தேத்தண்ணி வெறும் தண்ணி. சுகமான ஆக்களுக்குச் சரி, வருத்தக்காரருக்குச் சரிவராது.”

“எழுதிப் போடுங்களன் ராத்தா.”

“இன்னும் முடியல்லையே கா.”

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து சில நாட்களில் அவருடைய மையித்து அடக்கத்துக்கு எங்கள் பள்ளி மையவாடிக்குப் போனது.

அந்த வீட்டில் இப்போது வாடகைக்கு ஆட்கள். எங்களைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நாளை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இன்னொரு மாப்பிள்ளையின் உம்மா வருகிறார், சம்மாந்துறையிலிருந்து. அக்கம்பக்கம் விசாரிக்கிற ஆள் அவர் இல்லையாம். நேரே பெண்ணின் உம்மாவிடமே கேட்பாராம். நிக்காஹ் முடியட்டும், பிறகு மெல்லச் சொல்லலாம் என்கிறார் என் கணவர். நான் இரண்டு நாளாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்புகிறேன்.

இன்று காலை நுஹா தலை வாரிக்கொண்டே, “உம்மா, மற்றத நீங்க எப்பிடியும் யோசிச்சு வச்சிருப்பீங்க. என்னப் பத்தி நல்லது என்ன சொல்லப்போறீங்க?” என்று கேட்டாள்.

“நல்லாச் சமைப்பாய் எண்டு சொல்றன்.”

“அல்லாஹ்வே, என்ட கையால தேத்தண்ணி குடிச்சாலே அவங்களுக்கு விளங்கிருமே!” என்று சிரித்தாள். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி காத்து நின்றாள். 

நாள் முழுக்க யோசித்தேன். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பயமாகவே இருந்தது. குளியலறைக்குள் தண்ணீர்ச் சத்தம் நின்றால் நான் கதவடியில் நிற்பேன். உள்ளே கொளுக்கி போட விட்டதில்லை. மாடிப் படியில் அவள் கால் எந்த இடத்தில் தாமதிக்கும் என்று தெரியும். ராத்தா சொன்ன நல்லதெல்லாம் ராத்தா கண்டது. அதைக் கடன் வாங்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெற்றவளுக்கு ஒன்றாவது சொந்தமாக இருக்கவேண்டாமா?

கொடியில் துணி எடுக்கும்போது ஒன்று ஞாபகம் வந்தது. வலிப்பு விட்டு, கண் மெல்லத் திறந்து, அவள் இந்த உலகத்துக்குத் திரும்பி வரும்போது முதலில் என் முகத்தைத் தேடுவாள். நாக்கு இன்னும் தடித்திருக்கும். நான் குனிந்து காதைக் கொண்டுபோவேன். இரண்டு தடவையும் அவள் கேட்டது ஒன்றேதான்.

“பயந்திட்டீங்களா உம்மா?”

இது வேறு யாருக்கும் கேட்டதில்லை. ராத்தாவுக்குக்கூட. நாளைக்கு என் பிள்ளையைப் பற்றி நல்லது சொல்வதென்றால் இதைத்தான் சொல்லவேண்டும். இதைச் சொல்ல வாயெடுத்தால் மற்றதையும் சொல்லியாகவேண்டும். தேத்தண்ணி ஊற்ற எழும்புவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.